சும்மா நின்ற இடம்

1976 மார்ச் 8, திங்கள்

இன்று முதல் நாடகப் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு குமாஸ்தா. குமாஸ்தா நான். மேசைக்கு ஒரு கால் குட்டை. பழைய காலண்டர் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தேன். மதியத்துக்குள் அதுவும் நசுங்கிவிட்டது.

ஊரில் யார் நாடகம் போட்டாலும் கைப்பிரதி எங்கள் அலுவலகத்துக்கு வந்து முத்திரை வாங்க வேண்டும் என்பது பழைய சட்டம். ஆனால் யாரும் படித்ததில்லை, முத்திரை மட்டும் விழும். அவசர நிலை வந்த பிறகு படிக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. பதினெட்டு வருஷ சர்வீஸில் ஒரு தடவைகூட அலுவலகத்தில் சிரிக்காதவன் என்று என்னைப் பிடித்துப் போட்டார்களாம். தபால் மேசையில் பேசிக்கொண்டார்கள். சிரிக்காதவனுக்குக் காதும் கேட்காது என்று நினைப்பு.

மேலாளர் சொர்ணலிங்கம் சார் புதுப் படிவம் தயாரித்திருக்கிறார். நான்கு கட்டங்கள். பக்கம், வசனம், சிரிப்புக்குக் காரணம், பரிந்துரை. மூன்றாவது கட்டம் அவருடைய சொந்த யோசனை.

"அழுகை வசனத்தைப் பத்திக் கவலப்படாதயும், கோமதிநாயகம். அழுதவன் வீட்டுக்குப் போயிப் படுத்துக்கிடுவான். சிரிச்சவன்தான் மறுநாள் டீக்கடையில நாலு பேருகிட்டச் சொல்லுவான். சிரிப்பு வாற இடத்தை மட்டும் பிடியும்" என்றார்.

வீட்டில் வடிவிடம் சொன்னேன். "சரி" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் கொஞ்சம் சத்தமாகச் சிரிக்கிற பெண்ணாகத்தான் இருந்தாள். தெருவுக்குக் கேட்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். பதினோரு வருஷமாகிறது, இரண்டாம் தடவை சொல்ல வேண்டி வந்ததில்லை. ஒரு சொல்லில் புரிந்துகொள்கிற குணம்.

மார்ச் 11, வியாழன்

மண்ணெண்ணெய் வரிசை. இரண்டு மணி நேரம் நின்றேன். என் முறை வரும்போது தீர்ந்துவிட்டது.

மார்ச் 15, திங்கள்

முதல் கைப்பிரதி வந்தது. கொண்டுவந்தவர் பெயர் ஞானதிரவியம். ஜங்ஷன் பக்கம் தையல் கடை. நாற்பது வயது, ஒல்லி, காதிடுக்கில் சுண்ணாம்புக் கட்டி. எழுதியதும் அவர்தான், நடிப்பதும் அவர்தான். நாடகத்தின் பெயர் 'வீட்டுக்காரர் வருகிறார்'.

கதை இவ்வளவுதான். ஒரு வளவு, அதில் வரிசையாக ஆறு குடித்தனம், எல்லோருக்கும் ஒரே வீட்டுக்காரர். அவர் தினம் ஒரு சட்டம் போடுகிறார். குடித்தனக்காரன் சொக்கன் எல்லாவற்றுக்கும் சரி ஐயா, சரி ஐயா என்கிறான். சொக்கன்தான் ஞானதிரவியம்.

இரண்டாம் பக்கத்தில் வீட்டுக்காரர் சொல்கிறார்: "என் வீட்டுல கொசு கடிச்சாக்கூட எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் சொறியணும்." சொக்கன் கேட்கிறான்: "நீங்க தூங்குத நேரம் கடிச்சா ஐயா?" "காலையில வந்து மனு குடு. தேதி போட்டுத் தாரேன், சொறிஞ்சுக்க."

"கொசு கடித்தால் அனுமதி கேட்கச் சொல்கிறார். இதில் சிரிக்க என்னவே இருக்கு?" என்று கேட்டேன். கட்டத்தை நிரப்ப வேண்டுமே.

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "சார்வாள் இப்ப மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேட்டீங்கள்லா, அதுல இருக்கு."

"காரணம் எழுதணும்."

"சும்மாதான் சார்வாள் சிரிப்பாங்க. காரணம் என்ன காரணம்?"

'சும்மா' என்று பென்சிலால் எழுதிப் பார்த்தேன். அரசாங்கப் படிவத்தில் நன்றாக இல்லை. அழித்துவிட்டேன்.

மார்ச் 17, புதன்

நாற்பத்திரண்டு பக்கத்தையும் படித்து முடித்தேன். சிரிப்பு வரக்கூடிய இடங்கள் முப்பத்தொன்று. இருபத்தெட்டுக்குக் காரணம் எழுதிவிட்டேன். 'நடைமுறைக்கு ஒவ்வாத நிபந்தனையால்.' 'எதிர்பார்த்தது வராததால்.' 'உயர்ந்த நிலையில் இருப்பவர் வழுக்கி விழுவதால்.' எழுதி முடித்ததும் எந்த இடத்திலும் சிரிப்பு மிச்சமில்லை. அதுதானே வேலை.

மாலையில் சொர்ணலிங்கம் சார் பார்த்தார்.

"நிபந்தனை போடுதது யாரு?"

"வீட்டுக்காரர், சார்."

"எந்த வீட்டுக்காரர்?"

"நாடகத்துல வாறவர்."

"அவருக்கு மேல யாரு?"

"மேலே தண்ணித் தொட்டி, சார். ஒன்பதாம் பக்கம்."

வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தமாஷ் பண்ணவில்லை. நாடகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

மார்ச் 19, வெள்ளி

குடைக்கம்பி வளைந்துவிட்டது. போகிற வழியில் சரிசெய்யக் கொடுத்துவிட்டு, அப்படியே ஞானதிரவியத்தின் கடைக்குப் போனேன். அலுவலக நேரத்தில் இல்லை, எட்டரை மணிக்கு. மூன்று இடங்களுக்குக் காரணம் பாக்கி இருந்தது.

கடை என்பது ஒரு மிஷின், ஒரு முக்காலி. மனைவி மரியபுஷ்பம் தரையில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஈஸ்டர் துணிகள் தலைக்கு மேல் குவிந்து கிடந்தன. எனக்கு முக்காலியைத் தந்துவிட்டு அவர் நின்றார்.

"உமக்கு எதுக்குவே இந்த வேலை? யாரையாவது திருத்தணும்னா?" என்று கேட்டேன்.

"திருத்துததா? எங்க வீட்டுக்காரர் நாலு வருஷமா கக்கூஸ் கதவைத் திருத்தித் தரல சார்வாள். நான் எங்க போயி யாரைத் திருத்த?" என்றார். பிறகு கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு சட்டை தச்சா, போட்டுப் பாக்கச் சொல்லுவேன். கையைத் தூக்குங்க, குனிங்கன்னு சொல்லுவேன். எங்க இறுக்குதோ அங்க மூஞ்சி ஒரு மாதிரி போகும். அங்கதான் பிரிக்கணும். சிரிப்பும் எனக்கு அப்பிடித்தான். எங்க இறுக்குதோ அங்க சிரிக்காங்க. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்."

"பிரிச்சு விடுவீரா?"

"சட்டைன்னா பிரிச்சிருவேன்" என்றார்.

மரியபுஷ்பம் குனிந்த தலை நிமிராமல், "இவுக பேசுததைக் கேட்டா ஈஸ்டருக்கு எல்லாரும் அரைச் சட்டையோடதான் கோயிலுக்குப் போகணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வந்திருக்கக்கூடிய இடம் என்று தெரிந்தது. இதற்கு முன் எனக்கு அப்படித் தெரிந்ததில்லை.

மார்ச் 24, புதன்

மேலிருந்து வெட்டுகள் வந்துவிட்டன. முப்பத்தொன்றில் இருபத்து மூன்று. நான் காரணம் எழுதிய இடங்கள்தான் போயிருக்கின்றன. காரணம் கிடைக்காமல் கோடு போட்டு அனுப்பியவை தப்பித்துவிட்டன.

பதினேழாம் பக்கத்தில்தான் ஞானதிரவியத்துக்கு முகம் சுருங்கியது. வளவுக் கிணறு வறண்டு கிடக்கிறது. ஆனால் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பது வீட்டுக்காரரின் சட்டம். சொக்கன் வாளியை இறக்கி இழுக்கிறான். காலி வாளி. "நெறஞ்சிருக்கு ஐயா!" என்கிறான். இந்த வசனத்தை அடித்துவிட்டார்கள்.

"சார்வாள், இதை எடுத்துட்டா அங்க நான் என்ன செய்ய? வாளி மேல வந்துருமே."

எனக்கும் தெரியவில்லை. கைப்பிரதியில் வசனம்தான் இருக்கிறது, வாளியை என்ன செய்வது என்று இல்லை. மேலே கேட்கலாம் என்றால் சொர்ணலிங்கம் சார் கோவில்பட்டிக்குப் போயிருந்தார். மணி ஐந்தாகிவிட்டது.

"சும்மா நில்லும்" என்றேன். "வாயைத் திறக்காம சும்மா நின்னுட்டு, அடுத்த வசனத்துக்குப் போயிரும்."

"சும்மா நின்னாப் போதுமா?"

"போதும்."

போகும்போது வாசலில் திரும்பி, "நெசமாச் சொல்லுதேன், இதை எங்க வீட்டுக்காரரை வச்சுத்தான் எழுதினேன். நீங்க அடிக்க அடிக்கத்தான் எனக்கே புரியுது, யாரைப் பத்தி எழுதியிருக்கேன்னு" என்றார்.

முத்திரை வைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 26, வெள்ளி

கம்பி மறுபடியும் வளைந்துவிட்டது. குடையையே மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 13, செவ்வாய்

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி. வடிவு கேட்டாள், "அந்த நாடகம் என்னைக்கு?" இருபத்தைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை என்றேன். வசனம் மாறாமல் பேசுகிறார்களா என்று நான் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு சீட்டு தந்திருக்கிறார்கள்.

"நானும் வரட்டா?"

பதினோரு வருஷத்தில் அவள் இப்படி ஒன்று கேட்டதாக ஞாபகமில்லை. வா என்றேன்.

ஏப்ரல் 25, ஞாயிறு

சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பம். பள்ளிக்கூட மண்டபம். முந்நூறு பேர் இருக்கும், ஜன்னலிலும் ஆட்கள். இருபத்து மூன்று வெட்டு விழுந்த நாடகம் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்களோ. வெட்டாமல் விட்டிருந்தால் நூறு பேர்கூட வந்திருக்க மாட்டார்கள்.

பெண்கள் வலது பக்கம், ஆண்கள் இடது பக்கம். வடிவை அங்கே உட்காரவைத்துவிட்டு நான் முன் வரிசையில் கைப்பிரதியை மடியில் விரித்துக்கொண்டேன். சிரித்த இடத்தில் 'சி' என்று பென்சிலால் குறிக்க வேண்டும் என்பது உத்தரவு.

முதல் அரை மணி நேரம் ஒரு 'சி'யும் இல்லை. வீட்டுக்காரராக நடித்தவர் மீசை ஒட்டாமல் திண்டாடினார். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, எழுதியவரோடு பழகிவிட்டேன் அல்லவா.

பதினேழாம் பக்கம். சொக்கன் வாளியை இறக்கினார். கயிறு மட்டும்தான், கிணறு கிடையாது, ஆனால் ஆழம் தெரிந்தது. இழுத்தார். வாளி வந்தது. எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரர், "என்ன, நெறஞ்சிருக்கா?" என்றார். அந்த வசனம் அனுமதிக்கப்பட்டது.

சொக்கன் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மூடினார். வாளியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சும்மா நின்றார்.

நான் சொன்னது அதுதான். அதை விட ஒரு இம்மி கூட அவர் செய்யவில்லை.

ஒரு ஐந்து விநாடி சத்தமே இல்லை. வலது பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. ஒரு பெண்ணின் சிரிப்பு, பெரிய சிரிப்பு, அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்தது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கணம் மண்டபமே சிரித்தது. ஜன்னலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மீசைக்காரர் மீசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சொக்கன் சிரிக்கவில்லை. காலி வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பல் கிடுகிடுக்கக் குளிரில் நடுங்கினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் பென்சில் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் பேனா வாங்கிக் குறித்தேன்: 'வசனம் இல்லை. சி.'

அதன் பிறகு வெட்டு விழுந்த ஒவ்வொரு இடத்திலும் நின்றார்கள். ஒவ்வொரு இடத்திலும் சிரித்தார்கள். வெட்டாத எட்டு இடங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வடிவு வழியில் இரண்டு முறை வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 26, திங்கள்

காலையில் வடிவு கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும்போது எதையோ முணுமுணுத்துத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். காபி நன்றாக இருந்தது.

அலுவலகத்தில் கைப்பிரதியைச் சமர்ப்பித்தேன். பதினேழாம் பக்கத்திலிருந்து பத்தொன்பது 'சி', சுத்தமாக, பக்க எண்ணோடு. இதுவரை யாரும் இவ்வளவு ஒழுங்காகக் குறித்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 27, செவ்வாய்

சொர்ணலிங்கம் சார் கதவைச் சாத்தச் சொன்னார்.

"வசனமே இல்லைன்னு எழுதியிருக்கீரு. அப்பொறம் எப்பிடிவே சிரிச்சாங்க?"

"அங்க என்ன வசனம் இருந்துதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, சார்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"யாரு சொல்லித் தெரிஞ்சுது?"

"யாரும் சொல்ல வேண்டாம், சார். காலி வாளியைப் பாத்தா…"

"பாத்தா?"

அவர் வற்புறுத்தவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த சாமி படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கூட்டத்துல நம்ம ஆளு ரெண்டு பேரு இருந்தானுவ. மொதல்ல சிரிச்சது ஒரு பொம்பளைன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். பேரும் எழுதியிருக்கான். அந்தக் காயிதத்தை நான் இன்னும் மேல அனுப்பல. ரெண்டு விதமா எழுதலாம், கோமதிநாயகம். சனங்க தானாச் சிரிச்சாங்கன்னு எழுதினா, யாரு யாருன்னு கேப்பாங்க. அவன் வேணும்னே நின்னு சிரிக்க வச்சான்னு எழுதினா, அது ஒரு ஆளோட போச்சு. நாளைக்குக் காலையில குடும்."

பயமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், பயமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 28, புதன்

அறிக்கை கொடுத்துவிட்டேன். நகல் எடுக்கக் கூடாது என்றாலும் கடைசி வாக்கியம் ஞாபகம் இருக்கிறது. "மேற்படி நபர் எவருடைய அறிவுறுத்தலும் இன்றி, தன்னிச்சையாகவும் முன்கூட்டித் திட்டமிட்டும், நீக்கப்பட்ட இடங்களில் மௌனமாக நின்று பொதுமக்களைச் சிரிக்கத் தூண்டினார்." வாக்கியம் நன்றாக அமைந்தது. இலக்கணப் பிழை இல்லை. என் கையெழுத்தை எப்போதும் பாராட்டுகிற சொர்ணலிங்கம் சார் இன்று ஒன்றும் சொல்லவில்லை. பேனா சரியில்லை, எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

ஏப்ரல் 30, வெள்ளி

ஞானதிரவியத்தைக் கடையிலிருந்தே கூட்டிப்போய்விட்டார்கள். காலை பத்து மணிக்கு, ஜங்ஷனில் கூட்டம் நெரிகிற நேரம். முந்நூறு பேர் சிரித்தார்களே, அவர்களில் முப்பது பேராவது அந்த நேரம் அங்கே இருந்திருப்பார்கள். எல்லோரும் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்களாம். தபால் மேசைக்காரர் சொன்னார். அவரும் அங்கேதான் நின்றிருக்கிறார்.

மே 3, திங்கள்

மரியபுஷ்பம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் போய்விட்டாள். வடிவு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள், அடுப்பு பற்றவைக்கவில்லை.

"எங்க வச்சிருக்காங்கன்னு தெரியலையாம். உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அவுக நின்னதுக்காகப் பிடிச்சாகளா, இல்ல நான் சிரிச்சதுக்காகவா?"

உன் பெயர் எங்கேயும் இல்லை என்றேன். அதற்குத்தான் இவ்வளவும் என்றும் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

"நான் சும்மாதாங்க சிரிச்சேன்" என்றாள். பிறகு, "அந்தம்மா சொல்லுதா, சும்மா நில்லுன்னு நீங்கதான் அவுககிட்டச் சொன்னியளாமே" என்றாள்.

சோறு வடித்தாள். குழம்பு நேற்றையது.

மே 21, வெள்ளி

வெயில். தையல் கடையில் வேறு யாரோ சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறான்.

ஜூன் 13, ஞாயிறு

ஒரு காரியம் செய்தேன், எழுதவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் கிணறும் வற்றிவிட்டது. காலையில் வடிவு பின்கட்டில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாளியை இறக்கி இழுத்தேன். காலி. எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்து மூடினேன். அவளைப் பார்த்துச் சும்மா நின்றேன். அவர் நின்ற அளவு நேரம் நின்றேன், எண்ணிக்கொண்டே நின்றேன். பிறகு வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடுங்கினேன்.

வடிவு முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"குளிருதா? காச்சலா? உள்ள வந்து படுங்க."

சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போர்வைக்குள் படுத்துக் கிடந்தேன்.

செப்டம்பர் 6, திங்கள்

இந்த மாதம் நான்கு கைப்பிரதிகள். நான்கும் பக்தி நாடகம். காரணக் கட்டம் காலி. வேலை சுலபமாகிவிட்டது.

நவம்பர் 18, வியாழன்

எனக்குப் பதவி உயர்வு. நாலு காலும் சமமான மேசை. வடிவிடம் சொன்னேன். "சரி" என்றாள்.

1977 மார்ச் 22, செவ்வாய்

அவசர நிலை நீங்கிவிட்டது. ஜங்ஷனில் வெடி போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். அன்று பஸ் வருகிறதா என்று பார்த்தவர்கள்தான் இன்று கை தட்டினார்கள். சொர்ணலிங்கம் சாரும் ஒரு மிட்டாய் எடுத்துக்கொண்டார். புதுப் படிவங்களைக் கட்டிப் பரண்மேல் போடச் சொன்னார். முத்திரை வாங்கும் சட்டம் மட்டும் இருக்கிறது, அது இவற்றுக்கெல்லாம் முந்தியதாம்.

ஏப்ரல் 12, செவ்வாய்

ஞானதிரவியம் வந்தார்.

முதலில் அடையாளம் தெரியவில்லை. வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தார். உட்காரும் என்றேன், உட்காரவில்லை. பேச்சு குழறியது. ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"பல் வலியா?"

"வலிக்கதுக்குப் பல்லு இல்ல சார்வாள்" என்றார். அது சிரிக்கச் சொன்னதா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

புது நாடகம் ஒன்றின் கைப்பிரதியை மேசையில் வைத்தார். மிஷின் போய்விட்டதாம், மரியபுஷ்பம் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாளாம். பழைய கூட்டாளிகள் மறுபடி நாடகம் போடலாம் என்று பிடித்து இழுத்திருக்கிறார்கள். நடிக்க முடியாது, எழுதித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டாராம்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பதினொரு மாதமாக ஒன்றைச் சொல்லிப் பழகி வைத்திருந்தேன். "உள்ள… என்ன கேட்டாங்க?" என்றேன். அதைப் போய்க் கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார்வாள். திருப்பித் திருப்பி. யாரு சொல்லி அங்க சும்மா நின்னேன்னு."

முத்திரைக் கட்டையை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

"எனக்காத் தோணிச்சுன்னுட்டேன்" என்றார். "நீங்களும் பிள்ளகுட்டி இல்லாத ஆளு. அந்தம்மா தனியா என்ன செய்வாங்க."

ஏப்ரல் 17, ஞாயிறு

மூன்று நாளாக அந்தக் கைப்பிரதியைப் படிக்கிறேன். ஒரு தாய், ஒரு மகன். மகனுக்கு வியாதி, தாய்க்குக் கடவுள் பக்தி. ஐம்பது பக்கம். மகன் பிழைத்துவிடுகிறான். எல்லா வசனமும் நேராக இருக்கிறது. யாரும் வழுக்கி விழவில்லை, யாரும் எதிர்பாராத பதில் சொல்லவில்லை. முதல் தடவை வழக்கப்படி படித்தேன். இரண்டாம் தடவை ஒரு இடமாவது கிடைக்காதா என்று தேடினேன். மூன்றாம் தடவை வடிவுக்கு வாசித்துக் காட்டினேன். பருப்பைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "இது அவுக எழுதினதா?" என்றாள். ஆமாம் என்றேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 18, திங்கள்

ஞானதிரவியம் பத்து மணிக்கே வந்து வெளியே பெஞ்சியில் காத்திருந்தார். கைப்பிரதியில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. எல்லாப் பக்கத்திலும் முத்திரை வைத்துக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். எங்கேயும் அடி இல்லை என்று தெரிந்த பிறகும் நின்றார். குனிந்து, மற்ற மேசைகளுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"சார்வாள் முழுசாப் படிச்சீங்களா?"

"மூணு தடவை."

"எங்கயாவது சிரிப்பு வந்துதா?"

இல்லை என்றேன்.

"நல்லாப் பாத்தீங்கள்லா? ஒரு இடத்துலகூட?"

"ஒரு இடத்துலகூட இல்லவே."

கைக்குட்டைக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. அதில் அப்படி ஒரு நிம்மதி. கும்பிட்டுவிட்டுப் போனார்.